பிடியரிசியால் வளர்ந்த பள்ளி

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே உறுதுணை புரிந்த அப்பெருமகனார், 1848இல் அப்பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்.

மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. தொடக்கத்தில் அரசினர் உதவியும் இல்லை. செலவுக்கு நாவலர் கண்ட வழிகளுள் ஒன்று பிடியரிசி. செல்வர் ஒருவரையே நம்பிய பள்ளி, அவர் கை ஓய்ந்தால் தானும் ஓயும். வீடுதோறும் எடுத்துவைக்கும் பிடியரிசியோ எளிதில் ஓயாது. அன்றியும், அரிசி இட்ட இல்லத்தார்க்கு அது தம் பள்ளியாயிற்று. நூலில்லாக் குறை நீங்கப் பாலபாடங்களைத் தாமே எழுதி, தம் அச்சுக்கூடத்திலே பதிப்பித்தார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி கண்டார்.

எல்லாம் கைகூடிற்று என்பதற்கில்லை. 1872இல் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை, பொருள் முட்டினாற் சில ஆண்டுகளிலே நின்றுபோயிற்று. அக்குறை தீருமுன்னரே 1879இல் நாவலர் சிவபதம் எய்தினார். ஆயினும் அவர் வழிவந்தோர் அதனை மறந்திலர். 1890இல் சைவ பரிபாலன சபையாரின் பொறுப்பில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது.

விழாக் கொண்டாடும் நாமும் நம் பிடியை இட்டோமா என உள்ளத்தைக் கேட்போமாக.