விடுதிப் பிள்ளையாக வளர்ந்தவர் கண்ட ‘பிணைப்பு’: யார் இந்த ஜான் போல்பி?

ஜூன் மாதம் பிறந்தால் சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரத்தைத் தாண்டும் கார்களில் பெட்டியும் வாளியும் சுருட்டிய மெத்தையும் இருக்கும். நாமக்கல் வட்டார விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பின்சீட் காலி. அப்படிப் படித்துப் போன ஒருவர், இன்று பெங்களூரிலோ துபாயிலோ வேலை முடிந்த ராத்திரியில் ஆன்லைன் கவுன்சலிங்கில் உட்கார்ந்தால், சின்ன வயதில் அழுகை வந்தபோது யாரிடம் ஓடினீர்கள் என்று ஆலோசகர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு வழிபோட்டவர் 1990-ல் மறைந்த ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் போல்பி.

1907 பிப்ரவரி 26 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த அறுவை சிகிச்சை நிபுணர். ஆறு பிள்ளைகளில் இவர் நான்காவது. அந்தக் காலப் பணக்கார வீட்டு வழக்கப்படி அம்மாவைப் பார்க்கிறது மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான். வளர்த்ததெல்லாம் ஆயாக்கள். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது, பிரியமான ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்ததற்குச் சமமான துக்கம் அது என்று பெரியவரான பிறகும் சொல்லிவந்தார். பிறகு போர்டிங் ஸ்கூல். அந்த நாட்களைப் பற்றிக் கடைசிவரை அவரிடம் கசப்புதான்.

கேம்பிரிட்ஜில் படித்தார், மருத்துவர் ஆனார், உளப்பகுப்பாய்வும் கற்றார். பயிற்சியில் அவரிடம் வந்த ஒரு சிறுவனின் அம்மா கடும் பதற்றத்தில் இருந்தார். ஆனால் அந்த அம்மாவிடம் பேசக் கூடாது என்பது மேற்பார்வையாளர் மெலனி கிளைனின் கட்டளை. குழந்தையின் மனதுக்குள் நடக்கும் கற்பனைதான் முக்கியம், வீட்டில் நடப்பது அல்ல என்பது அவர்கள் கட்சி. சில மாதங்களில் அந்த அம்மாவே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். போல்பி அதை மறக்கவில்லை.

1944-ல் திருட்டுப் பழக்கம் உள்ள 44 சிறுவர் சிறுமியரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். யாரிடமும் ஒட்டாத 14 பேரில் 12 பேர், சின்ன வயதில் அம்மாவை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். எண்ணிக்கை சின்னது. சோதித்தவரும் முடிவு சொன்னவரும் அவரே என்ற குறையும் உண்டு.

‘பழகிட்டான்’ என்றால் என்ன?

அன்றைய பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பல, சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் அடிக்கடி பார்க்க விடாது. போல்பியின் சகா ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியாக இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து 1952-ல் காட்டினார். மருத்துவர்கள் பலருக்குக் கோபம். படம் சொன்னது எளிய விஷயம். பிரிந்த குழந்தை முதலில் கத்தி அழும். பிறகு சோர்ந்து அடங்கும். கடைசியில் சமத்தாக விளையாடும். அம்மா வந்தாலும் முகம் திருப்பும். பழகிட்டான் என்று வார்டில் சொல்வது இந்த மூன்றாவது கட்டத்தைத்தான். அது பழக்கம் இல்லை, எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொள்வது என்றார் போல்பி. 1959-ல் பிரிட்டனின் அரசுக் குழு ஒன்று, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் அவர் எழுதிய அறிக்கை பெரும் பேர் வாங்கியது, வம்பும் வாங்கியது. வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றவாளி ஆக்க அதைப் பலர் பயன்படுத்தினார்கள். பெற்ற தாய்தான் என்றில்லை, நிலையாக இருக்கும் ஒருவர் போதும் என்று அவர் எழுதியிருந்தது அவ்வளவாகக் காதில் விழவில்லை. பாட்டியும் அத்தையும் தூக்கி வளர்த்த வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1972-ல் மைக்கேல் ரட்டர், எல்லாப் பிரிவும் ஒரே மாதிரிக் காயம் அல்ல என்று காட்டினார்.

பெரியவர்களுக்கு எப்படி?

போல்பியுடன் வேலை பார்த்த மேரி ஐன்ஸ்வொர்த், முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்-சேய் ஜோடிகளைக் கவனித்தார். அம்மா அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது, சில குழந்தைகள் ஓடிவந்து ஆறுதல் பெற்றன, சில விலகின, சில ஒட்டியபடியே கோபித்தன. 1987-ல் ஹாஸன், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் இதே சாயலைப் பெரியவர்களின் காதலிலும் தேடினார்கள். மெசேஜுக்குப் பதில் வராவிட்டால் துடிப்பவரும், சண்டை என்றதும் மூடிக்கொள்பவரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள்.

ஆலோசகர், குழந்தைக்குத் தாய் போல, நம்பித் திரும்பக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது 1988 நூலில் போல்பி சொன்னது. திரைவழி ஆலோசனையில் அதே ஆள், அதே கிழமை, அதே நேரம் என்பதற்கு அதனால்தான் மதிப்பு. மைண்ட்ஃபுல்னெஸ் அவர் சேர்த்தது அல்ல. பௌத்த தியானத்திலிருந்து எடுத்து 1979-ல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய பயிற்சி, பிறகு இதோடு கலந்தது. பதற்றம் ஏறும்போது உடனே போன் அடிக்காமல், அது நெஞ்சிலா வயிற்றிலா என்று மூச்சோடு கவனிப்பது. பழைய பயத்துக்கும் இன்றைய செயலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். உயிரை விடும் எண்ணம் இருந்தால் இந்தப் பயிற்சி மட்டும் போதாது. அதற்கு 2022-ல் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். நேரில் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

போல்பி கடைசியாக எழுதியது சார்லஸ் டார்வினின் வாழ்க்கை வரலாறு. ஆயுள் முழுக்க டார்வினைப் படுத்திய நோய்க்கு, எட்டு வயதில் அம்மாவை இழந்து அதைப் பற்றி வீட்டில் பேச முடியாமல் வளர்ந்ததும் ஒரு காரணம் என்று அதில் வாதிட்டார். நூல் வெளிவந்த 1990-லேயே, செப்டம்பர் 2 அன்று, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் அவர் காலமானார்.