இசைமேதை ரக்மானினோவ்

காலாண்டுத் தேர்வுல கணக்கில் நான் ஃபெயில். விடைத்தாளை அம்மாவிடம் காட்டாம பைக்குள்ளேயே ஒளிச்சு வச்சிருந்தேன். அப்போதுதான் ரஷ்ய இசைமேதை செர்கெய் ரக்மானினோவைப் பற்றிப் படித்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் 1873-இல் ரஷ்யாவின் நோவ்கோரோத் பகுதியில் பிறந்தார். அப்பா சொத்தையெல்லாம் தொலைத்துவிட, குடும்பம் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வந்தது. பாட்டிதான் அவரை ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப் போவாராம். அங்கே வழிபாட்டில் எந்த வாத்தியமும் கிடையாது. மனிதக் குரல் மட்டும்தான். கோபுரத்தில் பெரிய பெரிய மணிகள். அந்தப் பாட்டும் மணியோசையும் அவர் மனசில் கடைசிவரை தங்கிவிட்டன.

இசைப் பள்ளியில் படிக்கும்போது 12 வயதில் பொதுப்பாடத் தேர்வுகளில் தோற்றார். உடனே மாஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்வெரெவ் என்ற கண்டிப்பான ஆசிரியர் வீட்டிலேயே தங்கி பியானோ பழகினார். 1892-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்!

ஆனால் 1897-இல் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியபோது பெரிய அவமானம். ஒத்திகை போதவில்லை, வாசிப்பு சரியில்லை. பத்திரிகைகளில் திட்டி எழுதினார்கள். மனசு உடைந்து, ஏறக்குறைய 3 வருஷம் அவரால் இசை எழுதவே முடியவில்லை. 1900-இல் நிகோலாய் டால் என்ற டாக்டர் பல நாள் உட்கார்ந்து பேசிப் பேசியே அவரைத் தேற்றினார். அடுத்த வருஷமே இரண்டாம் பியானோ கன்செர்டோவை முடித்து, அந்த டாக்டருக்கே காணிக்கையாக்கினார். உலகமே கொண்டாடியது.

1915-இல், முதல் உலகப் போர் நடக்கும்போது, 'இரவு முழு வழிபாடு' என்று 15 பாடல்கள் எழுதினார். பல பாடல்களுக்குப் பழைய தேவாலய மெட்டுகளே அடிப்படை. பாட்டி கூட்டிப்போன கோயில் மாதிரியே, இதிலும் வாத்தியம் இல்லை, குரல்தான். ஐந்தாவது பாட்டின் முடிவில் ஆண்குரல்கள் கிணற்றுப் படி இறங்குவது போல கீழே கீழே போகும். தன் இறுதிச் சடங்கில் அதைப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டாராம்.

1917 புரட்சிக்குப் பின் மனைவி, 2 மகள்களோடு நாட்டைவிட்டுப் போனார். திரும்பவே இல்லை. 1943-இல் அமெரிக்காவில் இறந்தார். 1945-இல் மாஸ்கோவில் அந்த முதல் சிம்பொனியை மறுபடி வாசித்தார்கள். கேட்கத்தான் அவர் இல்லை.

முதல் சிம்பொனியோடு நிறுத்தியிருந்தால் மீதி எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. நேத்து விடைத்தாளை அம்மாவிடம் காட்டிட்டேன். நல்லா திட்டு விழுந்தது. ஆனா இன்னிக்குக் காலையில் கணக்கு நோட்டை எடுத்தேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி