முதல் ஊசியைத் தன் உடலில் போட்டுக்கொண்டவர்



புதன்கிழமை காலையில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால், கைக்குழந்தைகளோடு தாய்மார் காத்திருப்பதைக் காணலாம். தடுப்பூசி போடும் நாள் அது. குழந்தை வீறிட்டு அழும். இரவில் இலேசாகக் காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம் என்று செவிலியர் சொல்லி அனுப்புவார். தாயும் நம்பிக்கையோடு வீடு திரும்புவார். பூந்தமல்லியில் உள்ள பொது சுகாதார நிறுவனத்தில் இத்தகைய பணிக்கென்றே ஊழியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். இவையெல்லாம் நமக்கு மிகவும் பழகிப்போய்விட்டதால், அந்தத் தாயின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் அந்த நம்பிக்கை இருக்கவில்லை. காலராவும் பிளேக்கும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போயின. ஊசி என்றாலே மக்கள் அஞ்சி ஓடினார்கள். அந்த அச்சத்தைப் போக்கத் தன் உடலையே முதலில் கொடுத்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் வால்டெமார் ஹாஃப்கின்.

அகதியாக வந்த அறிஞர்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற அறிஞர் மெச்னிக்காஃபிடம் விலங்கியல் பயின்றார். யூதர்களுக்கு எதிராகக் கலவரங்கள் நடந்த காலம் அது. தம் மக்களைக் காக்க முன்னின்ற இளைஞர்களில் அவரும் ஒருவர். அதில் காயமடைந்து சிறையும் சென்றார். பேராசிரியர் பதவி வேண்டுமானால் ரஷ்ய மரபுவழித் திருச்சபையில் சேர வேண்டும் என்ற நிலை வந்தபோது, அவர் தம் முன்னோரின் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. பதவிக்காக மதம் மாறாத அந்த நேர்மையை நாமும் மதிக்கத்தான் வேண்டும்.

நாட்டை விட்டு வெளியேறி, ஜெனிவா வழியாகப் பாரிஸ் சேர்ந்தார். அங்கே லூயி பாஸ்டர் நிறுவிய ஆய்வு நிலையத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது நூலக உதவியாளர் வேலைதான். ஓய்வு நேரத்தில் காலராக் கிருமியை ஆராய்ந்து, அதற்குத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். அது மனிதருக்குத் தீங்கு செய்யாது என்று எப்படி உறுதி செய்வது? 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதைத் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போனது. அதன் பிறகே நண்பர்கள் சிலருக்குப் போட்டார்.

கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில்

பிரான்சில் ஆங்கிலேயத் தூதராக இருந்த டஃப்ரின் பிரபு, முன்பு இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். காலராவின் கொடுமையை நேரில் அறிந்த அவர், ஹாஃப்கின் இந்தியாவுக்குச் செல்ல வழிசெய்தார். 1893 மார்ச் மாதம் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். மொழி தெரியாது. மருத்துவப் பட்டமும் அவருக்கு இல்லை. ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகளில் பலர் அவரை வெளியாளாகவே பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு கல்கத்தாவின் கட்டால் பகான் என்ற குடிசைப் பகுதியில், குளத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களிடையே காலரா தோன்றியது. ஏறக்குறைய 200 பேர் வாழ்ந்த அந்த இடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு அங்கே 10 பேருக்குக் காலரா கண்டது. அவர்களில் 7 பேர் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

எல்லா இடங்களிலும் வரவேற்பு கிடைத்துவிடவில்லை. ஒரு பகுதியில் கல்லெறிந்து விரட்டப் பார்த்தார்கள். அப்போது ஹாஃப்கின் கூட்டத்தின் முன்னிலையிலேயே தம் சட்டையை உயர்த்தி, உடன் வந்த மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவரோடு உழைத்த வங்காள மருத்துவர்களும் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்ட பிறகுதான் மக்கள் முன்வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் சுமார் 42,000 பேருக்கு அவர் ஊசி போட்டார். இடையில் மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது. உடல் தேற ஐரோப்பா சென்றவர், 1896இல் மீண்டும் இந்தியா வந்தார்.

பம்பாயில் பிளேக்

அந்த ஆண்டு செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மர்மக் காய்ச்சல் பரவியது. அது பிளேக் என்று துணிந்து கண்டு சொன்னவர் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கரான டாக்டர் அகாசியோ வியேகஸ். நகரம் நடுங்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள்.

அரசு 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. படைவீரர்களும் அதிகாரிகளும் வீடு புகுந்து சோதித்தார்கள். நோயாளிகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றார்கள். மக்களின் கோபம் மூண்டது. புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் அதே ஆண்டு ஜூனில் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். நோயைத் தடுக்க வந்த அரசைக் கண்டே மக்கள் ஒளிந்துகொண்டால் நோய் எப்படி நிற்கும்?

இந்தக் கோபம் மூள்வதற்கு முன்பே ஹாஃப்கின் பம்பாய் வந்திருந்தார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் அவருக்குத் தரப்பட்டன. ஓர் எழுத்தரும் மூன்று பணியாட்களும்தான் துணை. சுமார் மூன்று மாத உழைப்பில் பிளேக் தடுப்பூசி தயாரானது. 1897 ஜனவரி 10ஆம் நாள், வழக்கம்போல முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குத் தர நினைத்ததைவிட அதிக அளவு மருந்து அது. கடும் காய்ச்சலையும் வலியையும் தாங்கிக்கொண்டார்.

அந்த மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் தோன்றியது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. போட்டுக்கொள்ளாத 172 பேரில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தார்கள். போட்டுக்கொண்ட 147 பேரில் 2 பேருக்கு நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை.

1898இல் பரோடா சமஸ்தானத்தின் உந்தேரா என்ற கிராமத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்ட 71 பேரில் 3 பேர் இறந்தார்கள். போட்டுக்கொள்ளாத 64 பேரில் 26 பேர் இறந்தார்கள். ஒரே கூரையின்கீழ் அண்ணன் பிழைத்துத் தம்பி இறந்த வீடுகளை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. இன்றைய மருத்துவ ஒழுக்க நெறிகள் இத்தகைய சோதனையை எளிதில் அனுமதிக்காது. அந்த எண்களுக்குப் பின்னால் ஏழை மக்களின் உயிர்கள் இருந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது.

கோஜா முஸ்லிம்களின் தலைவரான ஆகா கான், தம் மக்களின் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டு, ஹாஃப்கினின் பணிக்குத் தம் கட்டடம் ஒன்றையும் தந்து உதவினார். யூதரின் மருந்தை ஒரு முஸ்லிம் தலைவர் ஏற்றார். கத்தோலிக்கரான வியேகசும் ஆயிரக்கணக்கானோருக்குத் தம் கையாலேயே ஊசி போட்டார். 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

மல்கோவாலில் நேர்ந்த துயரம்

1902 அக்டோபர் 30. இன்று பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் என்ற பஞ்சாப் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே ஒரு குப்பியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். மற்றக் குப்பிகளிலிருந்து பெற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே மருந்து கெட்டுவிட்டது என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. அவர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு இங்கிலாந்து சென்றார். ஆனால் வெளிவந்த விவரங்கள் வேறு கதையைச் சொன்னன. மல்கோவாலில் அன்று குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்திகரிக்காமலே குப்பியைத் திறக்கப் பயன்படுத்தியிருக்கிறார். ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. மேலும், திறந்தபோது குப்பியில் கெட்ட வாடை எதுவும் இல்லை. கிருமி முன்பே உள்ளே வளர்ந்திருந்தால் வாடை வீசியிருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் நீதி கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் அவருக்காகப் பத்திரிகையில் எழுதினார். 1907இல் பல அறிஞர்கள் ராஸுடன் சேர்ந்து கையெழுத்திட்டு லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அதன் பின்னரே பழி நீங்கியது. ஹாஃப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஆனால் பம்பாயில் அவர் உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. புதிய தடுப்பூசிகளை மக்களுக்குப் போட்டுப் பார்க்கவும் அனுமதியில்லை. சில ஆண்டுகள் அமைதியாக ஆய்வு செய்துவிட்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார்.

1925இல் அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயரிடப்பட்டது. அதுவரை அங்கிருந்து 2 கோடியே 60 லட்சம் ஊசி மருந்து அளவுகள் வெளியே சென்றிருந்தன. பிற்காலத்தில் யூத மறைநெறியில் ஆழ்ந்து வாழ்ந்த அவர், தம் செல்வத்தை யூத சமயக் கல்விக்கு எழுதிவைத்தார். திருமணம் செய்துகொள்ளாத ஹாஃப்கின், 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.

நமக்குச் சில கேள்விகள்

பிளேக் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. ஹாஃப்கினின் ஊசி மட்டுமே அதை ஒழித்துவிடவில்லை. எலி ஒழிப்பு, தூய்மை, பின்னாளில் வந்த மருந்துகள் எல்லாம் சேர்ந்தே அதை அடக்கின. ஆனாலும், மக்களை வற்புறுத்தாமல் நம்பிக்கையால் வெல்லலாம் என்பதை அவர் தம் உடலைக் கொண்டு காட்டினார். 1897ஆம் ஆண்டின் அதே சட்டத்தை அரசு 2020இல் கொரோனாவுக்காக மீண்டும் எடுத்தது. அடுத்த ஆண்டு தடுப்பூசி வந்தபோது, பழைய அச்சமும் புதிய வதந்திகளும் நம் தெருக்களிலும் உலவின. அப்போது யார் சொன்னதை நாம் நம்பினோம்?

பிறரிடம் ஒன்றைக் கேட்கும் முன் அதை நாம் செய்திருக்கிறோமா? பெற்றோர், ஆசிரியர், அன்பியப் பொறுப்பாளர், பங்குத்தந்தை ஆகிய எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஒருவர்மீது பழி சுமத்தப்படும்போது உண்மை தெரியும்வரை பொறுத்திருக்கிறோமா? அல்லது கைப்பேசியில் வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோமா? ராஸைப் போல, பழிசுமந்த ஒருவருக்காகக் குரல் கொடுத்திருக்கிறோமா?

இந்த வாரம் உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டது இருந்தால் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அண்டை வீட்டில் தயங்கி நிற்கும் இளம் தாய் ஒருவர் இருந்தால், அவரோடு துணைக்குச் செல்லுங்கள். வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக வரும் சுகாதாரச் செவிலியருக்கு ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு நன்றியும் கொடுங்கள்.