சுரங்களுக்கு வேர் கண்ட ராமோ

மேனாட்டு இசையில் ஒரு பாட்டு எவ்வாறு நடைபோடுகிறது என்று அறிய விரும்புகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ராமோ. ழான் பிலிப் ராமோ என்பது முழுப் பெயர். பிரெஞ்சு நாட்டவர். 1683ஆம் ஆண்டு பிறந்து 1764ஆம் ஆண்டு மறைந்தவர். பாக், ஹாண்டல் என்னும் இசை மேதைகள் இருவருக்கும் இரண்டாண்டு மூத்தவர். அவ்விருவர் பெயரும் நம் செவிக்கு எட்டிய அளவு இவர் பெயர் எட்டவில்லை. ஆயினும், விடுதி அறையில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மூன்றே மூன்று 'கார்டு'களால் பாட்டுக்குப் பாட்டு வாசித்துவிடும் நம் நண்பர்கள், தாம் அறியாமலே இவருக்குக் கடன்பட்டவர்கள். அந்த மூன்றும் எப்படிப் போதுமானவையாகின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றபோதுதான் ராமோவின் வாழ்க்கையை நான் படிக்க நேர்ந்தது. அதை நம் மலரைப் படிக்கும் நண்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

டிஜோன் நகரத்து மாதாகோயில்களில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர் ராமோவின் தந்தை. அவருக்குப் பிள்ளைகள் பதினொருவர், ராமோ ஏழாமவர். பிள்ளை வழக்கறிஞனாக வேண்டும் என்பது பெற்றோர் ஆசை. இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் சேர்த்தார்கள். பிள்ளைக்கோ பாடத்தில் மனம் செல்லவில்லை, பாட்டிலேதான் சென்றது. கல்லூரிப் படிப்பு முடிவு பெறாமலே நின்றது. பதினெட்டு வயதில் இத்தாலிக்குப் போனார். மிலான் நகரில் சில காலம் தங்கித் திரும்பினார். அதன்பிறகு அவிஞோன், கிளெர்மோன், பாரிஸ், டிஜோன், லியோன், மீண்டும் கிளெர்மோன் என்று ஊர் ஊராகச் சென்று ஆர்கன் வாசிக்கும் உத்தியோகம். 1706இல் ஹார்ப்சிகார்டுக்கு எழுதிய சிறு தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதனால் பெரும் புகழ் எதுவும் வந்துவிடவில்லை. நாற்பது வயதை நெருங்கும் வரையில் அவர் வெளியூர்க் கோயில் வாத்தியக்காரர்தான்.

அந்த உத்தியோகத்தின் இயல்பைச் சற்றே சொல்ல வேண்டும். அக்காலத்து வாத்தியக்காரருக்கு முழு இசையையும் எழுதிக் கொடுப்பதில்லை. அடிச்சுர வரிசை ஒன்று மட்டும் இருக்கும். அதன்மேல் ஆங்காங்கே சில எண்கள் குறித்திருக்கும். ஒவ்வோர் அடிச்சுரத்தின்மீதும் எந்தெந்தச் சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவேண்டும் என்பதற்கு அந்த எண்களே அடையாளம். எண்ணைக் கண்ட மாத்திரத்தில் விரல்கள் தாமே அமையவேண்டும். இதற்கு விதிகள் உண்டு. விதிவிலக்குகள் அதனினும் அதிகம். எல்லாவற்றையும் நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், வழக்கம் அப்படி என்பதே ஆசிரியர்கள் பலருடைய விடை.

அந்த விடை ராமோவுக்குப் போதவில்லை. கிளெர்மோன் கோயிலில் பணிபுரிந்த ஆண்டுகளில் அவர் எழுதிய பெருநூல் 1722இல் பாரிஸில் அச்சேறியது. ஹார்மனி என்னும் சுரக்கூட்டுக் கலையை இயற்கையான மூலத் தத்துவங்களில் அடக்கிக் காட்டும் ஆராய்ச்சி என்பது அந்நூற்பெயரின் கருத்து. எழுதியவர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்த கைகளுக்கு உரியவர்.

அவர் கண்டது என்ன? நமக்குப் பழகிய சுரப் பெயர்களாலேயே சொல்லிவிடலாம். மேனாட்டாரின் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தின் சுரங்களையே கொண்டது. அதில் ச க ப என்ற மூன்றையும் ஒரே சமயத்தில் ஒலித்தால் ஒரு சுரக்கூட்டு. கிடார்க்காரர் கார்டு என்பது இதைத்தான். இனி, கீழே காந்தாரத்தை வைத்து க ப ச என்று ஒலிக்கலாம். பஞ்சமத்தை வைத்து ப ச க என்றும் ஒலிக்கலாம். எண் குறிகளைப் பார்த்து வாசிப்பவனுக்கு இவை மூன்று வேறு வேறு கூட்டுகள். ராமோவோ, மூன்றும் ஒன்றே என்றார். எந்தச் சுரம் அடியில் இருந்தாலும் இவற்றுக்கெல்லாம் வேர் சட்சமே. செடியைத் தலைகீழாகப் பிடித்தாலும் வேர் வேர்தானே! செவிக்குக் கேட்கும் அடிச்சுரத்திற்கும் அப்பால், இந்த வேர்ச்சுரங்கள் தமக்குள்ளே ஒரு வரிசையாய் நடக்கின்றன. அந்த மறைந்த நடைக்கு அவர் மூல அடிச்சுரம் என்று பெயரிட்டார்.

வேர்கள் எப்படி நடக்கும்? ஐந்து ஐந்து சுரமாகத் தாண்டுவதே அவற்றிற்கு மிக இயல்பு என்றார் ராமோ. சட்சத்திற்கு மேலே ஐந்தாவது பஞ்சமம். கீழே ஐந்தாவது மத்தியமம். 1726இல் வெளிவந்த தம் அடுத்த நூலில் இவ்விரண்டையும் சட்சத்தின் இருபுறமும் நிறுத்திக் காட்டினார். ஆக, ச க ப என்பது வீடு. ம த ச என்பது வீட்டைவிட்டுப் புறப்படுதல். ப நி ரி என்பது வீடு திரும்பத் துடிக்கும் நிலை. நம் நண்பர்களின் மூன்று கார்டுகள் இவைதாம். ஏழு சுரங்களும் இவற்றிற்குள் அடங்கிவிட்டதை எண்ணிப் பாருங்கள். எந்த மெட்டின் எந்தச் சுரத்திற்கும் இம்மூன்றில் ஒன்றேனும் துணை நிற்கும். போதுமானவை ஆனதன் இரகசியம் இதுவே.

திரும்பத் துடிப்பது ஏன்? ப நி ரி என்பதோடு மத்தியமத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நிஷாதமும் மத்தியமமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரசும். நிஷாதம் சட்சத்திற்கு ஏறினால், மத்தியமம் காந்தாரத்திற்கு இறங்கினால், அந்த உரசல் தீரும். முரண்பாடுதான் இசையை முன்னே தள்ளுகிறது என்று ராமோ உணர்ந்தார். திரும்புவதாகப் போக்குக் காட்டிச் சட்சத்திற்குப் பதில் தைவதத்தை வேராகக் கொண்ட த ச க என்ற கூட்டில் போய் நிற்பதும் உண்டு. முறிந்த முடிவு என்று அதற்குப் பெயர். நல்ல கதையில் வரும் எதிர்பாராத திருப்பம் போன்றது அது.

1723 முதல் பாரிஸே ராமோவின் ஊராயிற்று. 1726இல் பத்தொன்பது வயதுப் பாடகி மாரி லூயிஸ் மாங்கோவை மணந்தார். தத்துவம் பேசுகிறவருக்குப் பாட்டு அமைக்கத் தெரியுமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. அதற்கு ஐம்பதாவது வயதில் விடை அளித்தார். 1733இல் அவருடைய முதல் இசைநாடகமான இப்போலித்தும் அரிசியும் அரங்கேறியது. பாரிஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முன்னாள் மேதை லூலியின் எளிய வழியில் ஊறியவர்கள், சுரக்கூட்டுகளின் நெருக்கம் காதை அடைக்கிறது என்று குறை கூறினர். அந்நாடகத்தில் விதித் தேவியர் மூவர் பாடும் ஒரு பகுதியில் கூட்டுகள் எதிர்பாராத வகையில் மாறி மாறி இறங்கும். பாடகர்களால் அதைப் பாட இயலாமல் கைவிட நேர்ந்தது. ராமோ தளரவில்லை. இறக்கும் வரையில் ஏறத்தாழ முப்பது மேடைப் படைப்புகளை எழுதினார். 1745இல் அரசரின் மானியமும் கிடைத்தது.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி. ஒரு தந்தியை மீட்டினால் அதனுள்ளே மேல் பஞ்சமமும் அதற்கும் மேலான காந்தாரமும் மெல்லக் கேட்கும் என்பதைச் சோவேர் என்ற அறிஞர் முன்பே விளக்கியிருந்தார். 1722க்குப் பின்னர் இதை அறிந்த ராமோ களிப்படைந்தார். ச க ப என்ற கூட்டை இயற்கையே தந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம்மவர்க்கும் இது புதிதன்று. நன்கு சுருதி சேர்த்த தம்பூராவில் அந்தர காந்தாரம் தானே எழுவதை நம் வித்துவான்கள் அறிவார்கள்.

ஆனால் ராமோ அத்துடன் நிற்கவில்லை. மெட்டு என்பதே சுரக்கூட்டிலிருந்து பிறந்தது என்றார். சோகச் சாயலுள்ள மைனர் கூட்டைத் தந்தியின் ஒலியிலிருந்து பெற்றுக் காட்ட ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். அது முழுமையாகக் கைகூடவில்லை. 1752இல் கணித மேதை தாலம்பேர் அவர் கொள்கைகளைத் தெளிவாகச் சுருக்கி நூலாக்கினார். பின்னர் அவரோடும் பூசல் விளைந்தது. ரூசோவோ மெட்டே முதன்மை என்று வாதிட்டார். கலைக்களஞ்சியத்தில் ரூசோ எழுதிய இசைக் கட்டுரைகளில் உள்ள பிழைகளை ராமோ 1755இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

இந்த வழக்கில் நாம் யார் பக்கம்? இராக இசையில் வளர்ந்த நமக்கு ரூசோவின் பக்கம் சாய்வது எளிது. கூட்டே இல்லாமல் மெட்டையும் கமகத்தையும் கொண்டு மாபெரும் இசை ஒன்றை நம் முன்னோர் எழுப்பினார்கள். மெட்டுக்குத் தாய் சுரக்கூட்டே என்ற கொள்கை அதன் முன் நிற்காது. ஆயினும் தந்தியில் அந்தக் காந்தாரம் இருப்பது உண்மை. இயற்கை ஒரே விதையைத்தான் எல்லோருக்கும் கொடுத்தது. அவர்கள் அதைக் கூட்டாக வளர்த்தார்கள். நாம் சுருதியாகப் பின்னே நிறுத்தி அதன்மேல் இராகத்தை வளர்த்தோம். எதை வளர்ப்பது என்பது மக்களின் தேர்வு. இயற்கையின் ஆணை அன்று. ராமோ வேரைக் கண்டது பெருமை. உலகத்து மரமெல்லாம் அந்த ஒரே வேரிலிருந்து முளைத்தது என்றதே அவர் சென்ற எல்லை.

1764 செப்டம்பர் 12ஆம் நாள் பாரிஸில் காலமானார். எண்பது வயதை நெருங்கும்போது எழுதிய கடைசி இசைநாடகம் மேடை காணாமலே கிடந்தது. 1982இல்தான் பிரான்சில் அது மேடையேறியது. அவர் கொள்கையின் மிகையான பகுதிகளைக் காலம் ஒதுக்கிவிட்டது. வீடு, புறப்பாடு, மீட்சி என்ற மூன்று நிலைகள் மட்டும் உலகெங்கும் மாணவர்களின் முதற்பாடமாக நிலைத்தன. கிடார் பழகும் நண்பர்கள் விரல் வைக்கும் இடங்களை நெட்டுருச் செய்வதோடு நில்லாமல், ஒவ்வொரு கூட்டிலும் வேர்ச்சுரம் எது என்று கேட்டுப் பழகட்டும். கற்பதற்குக் கைகள் வேண்டும். ஏன் என்று கேட்கும் துணிவும் வேண்டும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்ததையே ராமோவின் வாழ்க்கையில் நான் கண்டேன்.