தந்தப் பிடில் பெற்ற தஞ்சை வடிவேலு

ஒரு வாத்தியத்துக்கு மதிப்புத் தருவது அது செய்யப்பட்ட பொருளா, அன்றிச் செய்த கையும் வாசித்த கையுமா என்பது நம்மவர் சிந்திக்கத்தக்க விஷயம். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து வீடுகளில் பாட்டனார் வாசித்த நாகஸ்வரமோ, தவிலோ, பிடிலோ பரண்மேல் கிடக்கக் கூடுமாதலின், இதனை விளக்க ஸ்ரீ வடிவேலு அவர்களின் சரித்திரம் பெரிதும் உதவும்.

வடிவேலு 1810-ம் வருஷம், தஞ்சையில் நட்டுவ மரபில் வந்த சுப்பராயரின் குமாரராய்ப் பிறந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகிய மூவரும் இவருக்கு மூத்தோர். நால்வரும் முத்துஸ்வாமி தீக்ஷிதரிடம் ஸங்கீதம் பயின்று, தஞ்சை அரசவையில் புகழுடன் விளங்கினர். அலாரிப்பு முதல் தில்லானா வரை பரதநாட்டியக் கச்சேரியில் நாம் காணும் வரிசையை ஒழுங்குபடுத்திய பெருமை இந்நால்வரையே சாரும்.

அக்காலத்தில் பிடில் நம் நாட்டுக்குப் புதியது. வெள்ளையரோடு வந்த அவ்வாத்தியத்தைத் தீக்ஷிதரின் தம்பியார் பாலுஸ்வாமி தீக்ஷிதர் கற்றுக் கர்நாடக ஸங்கீதத்துக்கு இசைவித்தார். வடிவேலுவும் அதில் கைதேர்ந்தார். மேனாட்டார் நின்றுகொண்டு வாசிப்பதை, நம்மவர் சம்மணமிட்டமர்ந்து, பிடிலின் தலையைக் காலின்மேல் ஊன்றி, கமகங்கள் தடையின்றி வழுக்கி வரும்படி வாசிக்கலாயினர்.

பின்னர் வடிவேலு திருவாங்கூர் சென்று, ஸ்வாதித் திருநாள் மஹாராஜாவின் ஆஸ்தான வித்வானாய் அமர்ந்தார். தம்மினும் மூன்று வயது மூத்த இவ்வித்வானிடம் பேரபிமானம் கொண்ட மஹாராஜா, 1834-ம் வருஷம் யானைத் தந்தத்தால் இழைத்த பிடில் ஒன்றைப் பரிசளித்துக் கௌரவித்தார். 1845-ம் வருஷம், முப்பத்தைந்து வயதளவில் வடிவேலு காலமானார். பிடிலோ தஞ்சையில் அவர் வம்சத்தாரால் போற்றிக் காக்கப்பட்டு வந்தது.

தந்தத்தினாலன்றோ அதற்கு மதிப்பு என்று சிலர் எண்ணலாம். அது பிழை. தந்தம் கனமானது, நாதத்துக்கு இலேசான மரமே உகந்தது. இத்தாலி தேசத்துக் கிரிமோனா நகரில் 1737-ம் வருஷம் வரை வாழ்ந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி என்னும் சிற்பி, தம் பிடில்களின் மேற்பலகைக்கு மலைநாட்டு ஊசியிலை மரத்தையும், பின்பலகைக்கு மேப்பிள் மரத்தையுமே கொண்டார். பலகையை வளைக்காமல், கட்டையினின்றே செதுக்கிச் சில மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து மெருகெண்ணெய் பூசினார். அவர் 1721-ம் வருஷம் செய்த ஒரு பிடில், 2011-ம் வருஷம் ஏலத்தில் 1 கோடியே 59 லக்ஷம் டாலருக்கு விலைபோய், அத்தொகை ஜப்பான் பூகம்ப நிவாரணத்துக்கு அளிக்கப்பட்டது.

நாதம் ஒன்றே அவ்விலைக்குக் காரணமன்று. கண்ணை மறைத்துக்கொண்டு வாசிக்கச் செய்த பரீக்ஷைகளில், தேர்ந்த வித்வான்களே பழம் பிடிலினும் புதுப் பிடிலை விரும்பியதுண்டு. செய்தவர் பெயர், சிதையாத நிலை, எவரெவர் கைமாறி வந்தது என்னும் வரலாறு ஆகியவையும் சேர்ந்தே விலையை ஏற்றுகின்றன.

நம் வடிவேலுவின் பிடிலுக்கோ சந்தையே இல்லை. நம் தேசத்தில் யானைத் தந்த வியாபாரம் சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் மதிப்பு அணுவளவும் குறையவில்லை. யார் அளித்தது, யார் வாசித்தது, எந்த ஆண்டு என்னும் மூன்றும் மறவாமல் சொல்லப்பட்டு வந்தமையே அதற்குக் காரணம். அவ்வரலாறு மறைந்திருப்பின், அது வெறுந் தந்தத் துண்டாகவே எண்ணப்பட்டிருக்கும்.

பாகூர் மூலநாதர் கோயிலின் அடித்தளத்தில் ஆடும் உருவங்களைக் கல் காத்து நிற்கிறது. வாத்தியத்தைக் காப்பதோ குடும்பத்தின் கடமை. ஆதலின் அன்பர்களே, பரண்மேலுள்ள பழைய வாத்தியத்தை எடைக்குப் போட்டுவிடாதீர். கறையான் அணுகாமல் துடைத்து வைத்து, செய்தவர் யார், வாசித்தவர் யார், எந்தச் சந்நிதியில் ஒலித்தது என்பவற்றை வீட்டுப் பெரியோர் உள்ளபோதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அந்தத் தாள் இன்றேல், நாளை நம் பேரப்பிள்ளைகளுக்கு அது விறகாகவே தோன்றும்.