அகராதியைப் பார்த்து எழுதியவர்

முதலாண்டு மெக்கானிக்ஸ் புத்தகத்தில் ஒரு வரிக்கு நாலு வார்த்தை எனக்கு விளங்கவில்லை. பத்தாவது வரை தமிழ் மீடியம். வீட்டில் கேட்கலாம் என்றால் அப்பா கம்பி கட்டும் வேலை, அம்மா கைநாட்டு. படிப்பை விட்டுடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்தில்தான் மால்கம் எக்ஸின் வரலாறு கைக்குக் கிடைத்தது.

1925-ல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்தவர். ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். வகுப்பில் கெட்டிக்காரர்தான். ஆனால் வக்கீலாக ஆசை என்றதும், கறுப்பினப் பையனுக்கு அது சரிப்படாது, தச்சு வேலை பார்க்கலாமே என்றாராம் ஓர் ஆசிரியர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பாஸ்டன், நியூயார்க் தெருக்களில் தப்பு வழியில் சுற்றி, 1946-ல் திருட்டு வழக்கில் ஜெயிலுக்குப் போனார். அப்போது வயது 20.

உள்ளே கடிதம் எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கையெழுத்தும் கோணல். புத்தகம் எடுத்தாலோ பாதி வார்த்தை புரியாது. நார்ஃபோக் சிறையில் ஓர் அகராதியும் நோட்டும் பென்சிலும் கேட்டு வாங்கினார். எந்த வார்த்தையை முதலில் படிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா புரட்டினார். பிறகு முதல் பக்கத்தை, புள்ளி, கமா உட்பட, அப்படியே பார்த்து எழுதினார். அதற்கே ஒரு நாள் ஆயிற்று! எழுதியதை உரக்கப் படித்தார். மறுநாள் காலையில் ஆர்ட்வார்க் என்ற வார்த்தை ஞாபகத்தில் நின்றது. ஆப்பிரிக்காவில் கறையான் தின்னும், நீளக் காதுள்ள பிராணி அது. அடுத்த பக்கம், அதற்கடுத்தது என்று முழு அகராதியையும் எழுதி முடித்தார். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்தால் நடைபாதை வெளிச்சத்தில் படிப்பு. காவலர் வரும் சத்தம் கேட்டால் படுக்கையில் தூங்குவது போல நடிப்பு. கண்ணாடி போடும்படி கண் கெட்டது.

1952-ல் விடுதலை. கறுப்பின மக்களின் பெரும் பேச்சாளரானார். 1964-ல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் மேடையில் வாதாடினார். 1965 பிப்ரவரி 21-ல், 39 வயதில், நியூயார்க்கில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

நானும் பழைய லிப்கோ அகராதி ஒன்று வாங்கி எழுதிப் பார்த்தேன். நாலே நாள், கை விட்டுவிட்டது. இப்போது பாடத்தில் வரும் வார்த்தைகளை மட்டும் தினம் பத்து எழுதுகிறேன். போன வாரம் டக்டிலிட்டி. இழுத்தால் அறுந்துவிடாமல் நீளும் குணம் என்று அப்பாவிடம் விளக்கினேன். கம்பியை வளைக்கும்போதே எது தாங்கும், எது பட்டுனு ஒடியும்னு கைக்குத் தெரியுமேடா, அதுக்கு இங்கிலீஷ்ல பேர் வேற இருக்கா என்று கேட்டார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.