இராக்கின் கடைசி மன்னர்

மர்ஹூம் இரண்டாம் பைசல் மன்னர் 1935 மே 2-ந் தேதி பக்தாதில் பிறந்தார். 1939-ல் தந்தை காஜி மன்னர் மோட்டார் விபத்தில் மௌத்தானபோது பிள்ளைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. பட்டம் பிள்ளைக்கு, அதிகாரம் தாய்மாமன் அப்துல் இலாஹ் கையில்.

ஜோர்தான் மன்னர் ஹுசைன் இவருக்குப் பங்காளி. இருவரின் பாட்டனார்களும் உடன்பிறந்தவர்கள். இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் இருவரும் படித்தார்கள். 1953 மே 2-ல், ஒரே நாளில், ஆட்சிப் பொறுப்பேற்றார்கள்.

1958 பிப்ரவரியில் எகிப்தும் ஸிரியாவும் ஒன்றாகிவிட்டன. அந்த அலைக்கு அணை போடவே அதே மாதம் 14-ந் தேதி அம்மானில் இராக்–ஜோர்தான் ஐக்கியம் கையொப்பமாயிற்று. பைசல் தலைவர். ஆனால் இருவர் தக்தும் அப்படியே இருந்தன. நம் கடைத்தெரு பாஷையில், போர்டு ஒன்று, முதலாளி இரண்டு.

ஜூலையில், ஜோர்தானைப் பலப்படுத்த இராக்கியப் படை புறப்பட்டது. வழியோ பக்தாத் நகரினூடே! அப்துஸ் ஸலாம் ஆரிஃப் 14-ந் தேதி விடியலில் படையைத் தலைநகருக்குள்ளேயே திருப்பிவிட்டார். அரண்மனை முற்றத்தில் மன்னரையும் மாமனையும் குடும்பப் பெண்களையும் சுட்டார்கள். மாமன்மீது ஜனங்களுக்கு ஆத்திரம் இருந்தது மெய். பெண்கள் என்ன செய்தார்கள்?

மன்னருக்கு வயது 23. நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது, அன்றுதான் இஸ்தான்புல் பயணம். ஆகஸ்டு 2-ல் ஹுசைன் ஐக்கியத்தைக் கலைத்தார்.